உள்ளே உட்காருபவர்

நாமக்கல், சங்ககிரிப் பக்கத்துப் பட்டறைகளுக்குப் புது லாரி வந்து சேரும் கோலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்போது அது லாரியாகவே இருக்காது. நீண்ட இரும்புச் சட்டம், எஞ்சின், சக்கரங்கள், முன்னால் ஒரு தகட்டு முகப்பு, ஸ்டியரிங். கதவு இல்லை, கூரை இல்லை. ஓட்டிவருபவர் தலையில் துண்டைச் சுற்றி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, தற்காலிக இருக்கை ஒன்றில் உட்கார்ந்து, ஜாம்ஷெட்பூரிலிருந்தோ புனேயிலிருந்தோ வெயிலையும் மழையையும் முகத்தில் வாங்கிக்கொண்டு வருவார். கேபின் என்பது பட்டறையில்தான் பிறக்கும். மரச்சட்டம் அடித்து, தகடு போர்த்தி, ரெக்சின் தைத்து, பின்னால் படுக்க ஒரு பலகை போட்டு, சாமி படத்துக்கு மாடம் வைத்து முடிப்பார்கள். இருக்கை எவ்வளவு உயரம், எஞ்சின் சூடு காலில் ஏறாமல் எதை வைத்து அடைப்பது, தண்ணீர்க் குடம் எங்கே என்பதெல்லாம் லாரி உரிமையாளருக்கும் ஆசாரிக்கும் இடையே முடிவாகிற விஷயங்கள்.

சேஸிஸைச் செய்து அனுப்பிய நிறுவனத்துக்கு இதில் பங்கில்லை. இந்தியாவில் லாரி வியாபாரம் பல பத்தாண்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது. எண்ணூரின் அசோக் லேலண்டும் அப்படித்தான், டெல்கோ என்று அப்போது அழைக்கப்பட்ட டாடா நிறுவனமும் அப்படித்தான். 1945-ல் ரயில் எஞ்சின் செய்யத் தொடங்கி, 1954-ல் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் கூட்டுறவோடு லாரிக்கு வந்த நிறுவனம் டெல்கோ. எஞ்சின் இழுக்கிறதா, பின் அச்சு பாரம் தாங்குகிறதா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இருந்தால் வண்டி விற்றுவிடும். உட்புறம் என்பது வேறு யாரோ பார்த்துக்கொள்ளும் வேலை.

அந்த நிறுவனம்தான் 1998-ல் குடும்பங்களுக்கென்று ஒரு கார் செய்தது. இண்டிகாவின் கதையை ரத்தன் டாடாவின் பிடிவாதக் கதையாகவோ, உள்நாட்டிலேயே உருவான கார் என்ற பெருமைக் கதையாகவோ சொல்வது வழக்கம். எனக்கு அதில் ருசியான பகுதி வேறு. உட்புறத்தைப் பற்றிக் கவலைப்பட்டே பழக்கமில்லாத ஒரு நிறுவனம், வாங்கியவர்கள் திட்டியதால் எப்படி அந்தக் கவலையைக் கற்றுக்கொண்டது? யாருடைய திட்டு அதன் காதில் விழுந்தது, யாருடையது விழவில்லை?

முழுக்கப் புதுசாக ஒன்றும் டெல்கோ காருக்குள் குதித்துவிடவில்லை. 1991-ல் சியரா, அடுத்த ஆண்டு எஸ்டேட், 1994-ல் சுமோ என்று வரிசையாக வந்திருந்தன. (சுமோவுக்கும் ஜப்பானிய மல்யுத்தத்துக்கும் சம்பந்தமில்லை, நிறுவனத்தை வளர்த்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலிருந்து எடுத்தது.) ஆனால் அவையெல்லாம் சரக்கு வண்டியின் அடிச்சட்டத்தின் மேல் ஏறிய உடல்கள். சுமோ வாங்கியவர் பத்துப் பேரை ஏற்ற வாங்கினார். கதவு எந்தச் சத்தத்தோடு மூடுகிறது என்று அவர் காது கொடுக்கவில்லை.

இண்டிகா வேறு ஆட்களுக்கானது. 1998 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் திரை விலக்கி, அந்த ஆண்டு டிசம்பர் 30 அன்று விற்பனைக்கு அறிவித்தார்கள். தோற்றம் இத்தாலியின் டூரின் நகரத்து ஐடியா நிறுவனத்தோடு சேர்ந்து வரைந்தது. ஆஸ்திரேலியாவில் நிஸான் மூடிப்போட்டிருந்த ஆலையின் இயந்திரங்களை மலிவாக வாங்கி, கழற்றி, கப்பலேற்றிக் கொண்டுவந்து புனேயில் மறுபடி பூட்டினார்கள். மொத்த முதலீடு சுமார் 1,700 கோடி ரூபாய். மாருதி ஜென்னின் வெளி அளவு, அம்பாசிடரின் உள் இடம், மாருதி 800-ஐ ஒட்டிய விலை, போதாக்குறைக்கு டீசல் எஞ்சின். 'மோர் கார் பெர் கார்' என்று விளம்பரம். சில நாட்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் கட்டிப் பதிவு செய்தார்கள். மாருதிக்குக் காத்திருந்து பழகிய நாட்டில்கூட அது பெரிய கூட்டம்.

சொன்ன சொல்லில் ஒரு பாதியை வண்டி காப்பாற்றியது. பின் இருக்கையில் மூன்று பெரியவர்கள் முட்டி இடிக்காமல் உட்கார முடிந்தது. தலைக்கு மேல் இடம், காலுக்கு முன் இடம். சிரமம் கை பட்டபோது தொடங்கியது. டீசல் எஞ்சினின் அதிர்வு ஸ்டியரிங்கிலும் தரையிலும் வந்தது. கியர் விழ மறுத்தது. டயர்கள் சீக்கிரம் தேய்ந்தன. டேஷ்போர்டின் பிளாஸ்டிக் துண்டுகளுக்கு நடுவே ஒரு பக்கம் நூல் நுழையும் இடைவெளி, மறுபக்கம் விரல்நகம் நுழையும் இடைவெளி. மேடுபள்ளமான சாலையில் டோர் பேட் ஒரு பாட்டு, டேஷ்போர்டு ஒரு பாட்டு. பல வருடச் சேமிப்பைக் கொட்டி வாங்கியவருக்கு இது எரிச்சல் மட்டுமில்லை, அக்கம்பக்கத்தில் தலைகுனிவும்கூட. அதே 1998-ல்தான் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோவும் வந்திருந்தது. பக்கத்து வீட்டுச் சான்ட்ரோவின் கதவு மூடும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தன் இண்டிகாவின் கதவைச் சாத்துகிறவர் வேறென்ன செய்வார்?

இந்த இடத்தில் டெல்கோவுக்காகக் கொஞ்சம் வாதாடத் தோன்றுகிறது. நல்ல எஞ்சின் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பலகை செய்ய முடியாதா என்று கேட்பது எளிது. ஆனால் கார் உட்புறம் என்பது தனி வித்தை. டேஷ்போர்டு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக். துகளை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி, ஆறவைத்து எடுக்க வேண்டும். ஆறும்போது அது சுருங்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவாகவும் சுருங்காது. அச்சை வெட்டும்போதே அந்தச் சுருக்கத்தைக் கணக்கில் எடுத்து வெட்டியிருக்க வேண்டும். மேலே தோல் போன்ற ரேகை தெரிவதற்கு அச்சின் உட்சுவரில் அமிலம் கொண்டு அரித்து அந்த ரேகையைப் பதிக்கிறார்கள். மேல்பாதி ஒரு சப்ளையரிடமிருந்தும் கீழ்ப்பாதி இன்னொருவரிடமிருந்தும் வந்தால், இரண்டும் ஒரே சாம்பல் நிறம் என்று காகிதத்தில் இருக்கும், வெயிலில் பார்த்தால் இரண்டு சாம்பல்.

அதோடு முடிவதில்லை. இந்தத் துண்டுகளைப் பிடித்து வைப்பவை விரல்நுனி அளவு கிளிப்புகள். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு எழுபது டிகிரியைத் தொடும், இரவில் ஆறும். தினமும் விரிந்து சுருங்கும் இரண்டு பரப்புகள் உரசினால் கீச்சுச் சத்தம். கிளிப் தளர்ந்தால் கடகடப்பு. மெல்லிய தகடு எஞ்சினோடு சேர்ந்து அதிர்ந்தால் ரீங்காரம். பெரிய கார் நிறுவனங்களில் இந்த மூன்றையும் வேட்டையாடுவதற்கென்றே தனிப் பொறியாளர் குழு உண்டு. வண்டியை ஆட்டும் மேடையில் ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்து காதால் தேடுவார்கள். லாரி செய்த ஊரில் அப்படி ஒரு வேலைக்கு 1998-ல் என்ன மரபு இருந்திருக்கும்? சத்தம் போடாத லாரியை யாரும் கேட்டதில்லையே.

இதைச் செய்து தரும் சப்ளையர்களும் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தார்கள். டாடா குழுமம் 1995-ல்தான் ஆட்டோகாம்ப் என்ற உதிரிபாக நிறுவனத்தைத் தொடங்கி, இருக்கைக்கு ஒரு வெளிநாட்டுக் கூட்டாளி, வயரிங்குக்கு இன்னொருவர் என்று சேர்த்துக்கொண்டிருந்தது. ஹூண்டாய்க்கு அந்தத் தலைவலி குறைவு. கொரியாவில் தனக்குச் செய்துகொடுத்தவர்களையே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அழைத்து வந்துவிட்டது.

வாதாடியாயிற்று. ஆனாலும் பணம் கட்டியவருக்கு அச்சும் சுருக்கமும் ஏன் தெரிய வேண்டும்? அவர் டீலரிடம் போனார், சண்டை போட்டார், நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார், கார்ப் பத்திரிகைகளுக்கு எழுதினார். அன்றைய புகாரின் வழி அதுதான். மெதுவானது, ஆனால் தபாலில் வந்த புகாரை யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்தாக வேண்டும். 2000-01 நிதியாண்டில் டெல்கோ 500 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. லாரிச் சந்தை படுத்ததும் அதற்கு ஒரு காரணம் என்றாலும், பழி பெரும்பாலும் கார் ஆசையின் மேல் விழுந்தது. இந்தக் காரை மூட்டை கட்டிவிட்டு லாரிக்கே திரும்பலாம் என்று சொன்னவர்கள் குறைவில்லை.

நிறுவனம் திரும்பவில்லை. வாங்கியவர்களை முகாம் போட்டு அழைத்து, பழைய வண்டிகளிலேயே பல பாகங்களைத் தன் செலவில் மாற்றிக் கொடுத்தது. 2001-ல் இண்டிகா வி-2 வந்தது. வெளியே நின்று பார்ப்பவருக்கு ஏறத்தாழ அதே கார். ஓட்டுபவருக்கு வேறு கார்: அதிர்வு குறைந்திருந்தது, கியர் சொன்னபடி விழுந்தது, உட்புறத்தின் பொருத்தம் தேறியிருந்தது. விளம்பர வாசகத்திலும் 'ஈவன்' என்ற ஒரு சொல்லை முன்னால் சேர்த்தார்கள். விளம்பரக்காரர்களின் அந்தத் துணிச்சலை நான் ரசிக்கிறேன். முதல் முறை சொன்னது முழுதாக நிறைவேறவில்லை என்பதை மறைமுகமாக ஒப்புக்கொண்டு, அதையே விற்பனைக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். வி-2 நன்றாக விற்றது. நிறுவனத்தின் கார்ப் பிரிவு பிழைத்தது அந்த வண்டியால்தான்.

ஆனால் 'தேறியது' என்பது எந்த வகுப்பில் என்றும் பார்க்க வேண்டும். 2003-ல் பிரிட்டனின் எம்.ஜி. ரோவர் நிறுவனம் இதே இண்டிகாவை வாங்கி, தன் முத்திரையைக் குத்தி, சிட்டிரோவர் என்ற பெயரில் 6,495 பவுண்டுக்கு விற்றது. அங்கே பத்திரிகைகள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டன. உட்புறப் பிளாஸ்டிக்குகளும், அந்தத் தரத்துக்கு அந்த விலையும் முக்கியக் குற்றச்சாட்டுகள். டாப் கியர் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வண்டி தர ரோவர் மறுத்துவிட, அதன் தொகுப்பாளர் ஜேம்ஸ் மே ஒளித்துவைத்த கேமராவோடு வாங்குபவர்போல ஷோரூமுக்குப் போய் ஓட்டிப் பார்த்தார். ரோவர் பின்னர் விலையைக் குறைத்தது. 2005 ஏப்ரலில் அந்த நிறுவனமே விழுந்தது. அதற்கு இந்தக் கார் காரணமில்லை, ஆனால் கடைசிக் காலத்தில் கைகொடுக்கவும் இல்லை. சேலத்தில் 'பரவாயில்லை, நல்லாவே திருத்திட்டாங்க' என்று பெயர் வாங்கிய அதே டேஷ்போர்டு பர்மிங்ஹாமில் சிரிப்புக்கு ஆளானது. இந்தியர்கள் வி-2-வை முந்தைய இண்டிகாவோடு ஒப்பிட்டார்கள், பிரிட்டிஷ்காரர்கள் ஃபியட் பாண்டாவோடு ஒப்பிட்டார்கள்.

இந்தச் சறுக்கல் புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு மட்டும் வருவதில்லை. டொயோட்டா 2010 டிசம்பரில் இந்தியாவுக்கென்றே எட்டியோஸைக் கொண்டுவந்தபோது, உட்புறம் டொயோட்டா மாதிரியே இல்லை என்று முகம் சுளித்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் துணியும் நிறமும் பூச்சும் மாறின. அமெரிக்காவில் 2011-ல் வந்த ஹோண்டா சிவிக்கின் கதை இன்னும் கூர்மையானது. உட்புறத்தின் மலிவையும் சத்தத்தையும் சொல்லி, அந்நாட்டு நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் தன் பரிந்துரையைக் கொடுக்க மறுத்தது. வழக்கமாக ஒரு காரை மூன்று வருடம் தொடாமல் விடும் ஹோண்டா, 2012 நவம்பரிலேயே மெத்தென்ற டேஷ்போர்டு, கூடுதல் சத்தத் தடுப்பு என்று திருத்திய வண்டியை லாஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சியில் நிறுத்தியது. எஞ்சினில் உலகம் மெச்சிய நிறுவனத்தை ஒரு பிளாஸ்டிக் பலகை அவசரப்படுத்தியது.

இப்போது ஒரு ஷோரூமுக்குப் போங்கள். வாங்க வந்தவர் பானெட்டைத் திறக்கச் சொல்வதே குறைந்துவிட்டது. கதவைத் திறந்து உட்கார்ந்ததும் கட்டைவிரலால் டேஷ்போர்டை அழுத்திப் பார்க்கிறார். மெத்தென்று இறங்கினால் முகம் மலர்கிறது. யூடியூபில் காரைச் சுற்றிக் காட்டும் எல்லோரும் செய்கிற செயல் அது. பார்த்துப் பார்த்து நமக்கும் தொற்றிவிட்டது. அந்த ஒரு அழுத்தத்துக்காக நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவழிக்கின்றன. மேலே மெல்லிய தோல், அடியில் நுரை, அதற்கடியில் பழைய கடினப் பிளாஸ்டிக். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் கட்டைவிரல் போகிற இடத்தில் மட்டும் நுரை வைத்து, முழங்காலுக்குக் கீழே பழையபடி விட்டுவிடுவார்கள். நம்பாதவர்கள் குனிந்து தொட்டுப் பார்க்கலாம்.

டாடாவும் வெகுதூரம் வந்துவிட்டது. 2008-ல் ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கியதும், புனே, கவென்ட்ரி, டூரின் என்று மூன்று ஊரில் வடிவமைப்புக் கூடங்கள் வைத்ததும் சேர்ந்து வேலை செய்தன. 2014-ல் ஸெஸ்ட், 2016-ல் டியாகோ, 2017-ல் நெக்ஸான். டியாகோவின் உள்ளே முதல்முறை உட்கார்ந்தபோது, இது அந்த இண்டிகாக்காரர்களின் வேலைதானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இடைவெளிகள் சீராக இருந்தன, பிளாஸ்டிக் கடினம்தான் என்றாலும் அதை ஒளிக்க முயலாமல் நெசவு போன்ற ரேகை போட்டு மரியாதையாக வைத்திருந்தார்கள்.

2019 ஜனவரியில் வந்த ஹாரியர், வி-2 கதையின் இன்றைய பிரதி. லேண்ட் ரோவரின் அடித்தளத்திலிருந்து பிறந்த வண்டி, உள்ளே மரத் தோற்றமும் தோல் தோற்றமும். ஆனால் பக்கக் கண்ணாடிகள் பெரிதாகி வளைவில் எதிரே வருபவரை மறைக்கின்றன, இந்த விலைக்கு ஆட்டோமேட்டிக் கியர் இல்லை, கூரைக் கண்ணாடி இல்லை, திரை அவ்வப்போது திணறுகிறது என்று வாங்கியவர்கள் உடனே அடுக்கினார்கள். 2020 பிப்ரவரியில் திருத்திய ஹாரியர் வந்துவிட்டது. சிறிய பக்கக் கண்ணாடி, ஆட்டோமேட்டிக், பொத்தானில் நகரும் ஓட்டுநர் இருக்கை, நீண்ட கூரைக் கண்ணாடி எல்லாம் அதில் இருந்தன. அன்று இரண்டாண்டுக்கும் மேல் பிடித்த திருத்தத்துக்கு இம்முறை ஓராண்டு. மாசுக் கட்டுப்பாட்டு விதி மாறியதால் எப்படியும் எஞ்சினைத் தொட வேண்டியிருந்தது என்பது உண்மைதான். அந்தச் சாக்கில் புகார்ப் பட்டியலையும் முடித்துக்கொண்டார்கள். (கூரைக் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை வெயிலில் கூரையைத் திறந்து வைத்து ஓட்டுகிறவரை நான் பகலில் பார்த்ததில்லை. ஆனால் அது இல்லாத காரை விற்க முடியாது என்கிறார்கள். குறை என்று எண்ணப்படுவதெல்லாம் தேவையிலிருந்து வருவதில்லை.)

பழைய புகார்கள் தீர்ந்த இடத்தில் புதியவை முளைத்திருக்கின்றன. கீச்சும் கடகடப்பும் குறைந்து, புகார் இப்போது திரைக்குள் போய்விட்டது. அமெரிக்காவில் ஜே.டி. பவர் நடத்தும் புதுக் கார் ஆய்வுகளில் பல ஆண்டுகளாக அதிகம் திட்டு வாங்கும் பகுதி இசையும் வரைபடமும் போனும் சேர்ந்த அந்தத் திரைதான். ஏசி குளிரைக் கூட்டும் திருகுக் குமிழைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் வழவழப்பான கறுப்புப் பலகை வைத்தார்கள். ஷோரூம் விளக்கில் அது நகைக்கடை போல மின்னும். நம் தெருவில் அரைநாள் நின்றால் தூசி, தொட்டால் விரல்ரேகை, மதிய வெயிலில் கண்கூச்சம். குமிழைக் கண் பார்க்காமல் கை தேடிப் பிடிக்கும். தட்டையான கண்ணாடியில் எதைத் தேடுவது?

உட்புறத் தரத்தில் உலகத்துக்கே பாடம் நடத்திய ஃபோக்ஸ்வாகன் இதில் விழுந்ததுதான் வேடிக்கை. எட்டாம் தலைமுறை கோல்ஃபில் குளிரையும் ஒலியையும் விரலால் தடவிக் கூட்டும் பட்டை வைத்தது. இரவில் அது தெரிய விளக்குகூட வைக்கவில்லை. வாங்கியவர்கள் கொதித்தார்கள். 2024-ல் திருத்திய கோல்ஃபில் பட்டைக்கு விளக்கும், ஸ்டியரிங்கில் பழைய நிஜப் பொத்தான்களும் வந்தன. ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப்பும், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், அபாய விளக்கு போன்றவற்றுக்குக் கையால் பிடிக்கும் கட்டுப்பாடு இருந்தால்தான் முழு நட்சத்திரம் எளிதாகும் என்று 2026 முதல் விதியை இறுக்கியிருக்கிறது. முன்னேற்றம் என்று விற்றதைப் பின்வாங்க வைத்ததும் வாங்கியவர்களின் புகார்தான்.

திருத்தும் முறையும் மாறிவிட்டது. வி-2 காலத்தில் முகாமுக்கு வண்டியைக் கொண்டுபோய் விட்டு, பஸ்ஸில் வீடு திரும்ப வேண்டும். இன்று இரவில் வண்டி வாசலில் நிற்கும்போதே மென்பொருள் இறங்கிக் கோளாறு சரியாகிவிடுகிறது. வசதிதான். ஆனால் அன்று அச்சை வெட்டும் முன் நூறு முறை யோசிக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் வெட்டிய எஃகைத் திரும்ப ஒட்ட முடியாது. இன்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற மெத்தனம் தொழிலுக்குள் நுழைந்துவிட்டது என்றே நினைக்கிறேன். முதல் ஆறு மாதம் வாங்குபவர் காசு கொடுத்துச் சோதனை ஓட்டம் செய்துகொடுக்கிறார்.

இனி அந்தப் பழைய இண்டிகாவுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கலாம். 2008-ல் விஸ்டா என்ற புது உடல் வந்த பிறகும் பழைய உடல் சாகவில்லை. வி-2 என்றும், பிறகு இவி-2 என்றும் ஓடி, 2018-ல்தான் உற்பத்தி நின்றது. அந்தப் பிற்பாதி ஆண்டுகளில் அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் டிராவல்ஸ்காரர்கள். சென்னையில் கால் டாக்ஸி என்றால் வெகுகாலம் இண்டிகாதான். கோவையிலும் மதுரையிலும் ரயிலடியில் நின்றவையும் அவைதான். டீசல் குறைவாகக் குடிக்கும், பாகம் மலிவு, எந்தப் பட்டறையிலும் வேலை பார்ப்பார்கள். டேஷ்போர்டு கடகடத்தால் அட்டையை மடித்து இடுக்கில் செருகுவார்கள். டோர் பேட் கிளிப் உடைந்தால் ஸ்க்ரூ ஒன்றை நேராக ஏற்றிவிடுவார்கள். ஜன்னல் சுற்றும் கைப்பிடி கழன்றால் அதை எடுத்து டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது மாட்டிச் சுற்றுவார்கள்.

தனி வீட்டுக்காரர் புகார் சொன்னபோது மூன்றாண்டுக்குள் திருந்திய உட்புறம், டாக்ஸி ஆன பிறகு கிட்டத்தட்ட அப்படியே உறைந்துபோனது. ஓட்டுநர்களுக்குக் குறையே இல்லையா? தினமும் பன்னிரண்டு மணி நேரம் அதற்குள் உட்கார்ந்திருப்பவருக்கு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்கு எடுத்துப்போகிறவரைவிட முதுகுவலி நன்றாகத் தெரியும். ஆனால் வண்டிக்குப் பணம் கட்டுகிறவர் அவரில்லை. கட்டுகிற முதலாளிக்குக் கிலோமீட்டருக்கு எத்தனை காசு என்பதே கணக்கு. இது ஒரு நிறுவனத்தின் குணமும் இல்லை. மாருதியும் 2012 முதல் டிசையரின் முந்தைய உடலையே 'டூர்' என்ற பெயரில் டாக்ஸிக்காரர்களுக்கு விற்று வந்தது. டாடா 2021-ல் வாடகை வண்டிகளுக்கென்றே 'எக்ஸ்ப்ரெஸ்' என்று தனிப் பெயர் வைத்தது. இப்படிப் பிரித்து விற்பதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். டாக்ஸி மலிவாக இருந்தால்தான் வாடகை மலிவாக இருக்கும். ஆனால் மெத்தென்ற பிளாஸ்டிக்கைத் தினமும் அதிக நேரம் தொடக்கூடியவருக்கு அது கடைசியாகத்தான் போய்ச் சேர்கிறது.

லாரிக்கு அது இன்னும் தாமதம். நிறுவனமே கட்டிய நல்ல கேபினோடு வண்டிகள் வராமல் இல்லை. டாடாவே 2009-ல் இத்தாலியில் வடிவமைத்த கேபினோடு பிரைமாவைக் கொண்டுவந்தது. வால்வோ லாரிகளில் ஏசி சாதாரணம். ஆனால் நெடுஞ்சாலையில் பெரும்பான்மையாக ஓடியவை அவை இல்லை. நாற்பத்து மூன்று, நாற்பத்தேழு டிகிரியில் ஓட்டுநர்கள் வேகிறார்கள், லாரியில் ஏசி வைக்கலாமென்றால் செலவு கூடும் என்று சிலர் எதிர்க்கிறார்கள் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2023-ல் வெளிப்படையாகவே பேசினார். குளிரில் ஓட்டுநர் தூங்கிவிடுவார் என்ற வாதமும் இருந்தது. அதே வாதத்தைப் பின் இருக்கையில் முதலாளி உட்காரும் காரைப் பற்றி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்த ஆண்டே அறிவிக்கை வந்தது. நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் கேபினுக்கு 2025 முதல் ஏசி கட்டாயம்.

கார் வாங்கியவரின் கடிதம் மூன்றாண்டில் செய்ததை, லாரி ஓட்டியவருக்குச் சட்டம் வந்துதான் செய்ய வேண்டியிருந்தது. நாமக்கல் பக்கம் இப்போது முழுக் கேபினோடு வந்து சேரும் வண்டிகள் கூடியிருக்கின்றன. பட்டறைகளுக்கு மிஞ்சுவது, கேபினுக்குப் பின்னால் பாரம் ஏற்றும் பெட்டியைக் கட்டும் வேலை. ஏசி ஓடினால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் குறையும் என்று உரிமையாளர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வண்டியில் ஏசி இருக்க வேண்டும் என்பதுதான் விதி. அதைப் போட்டு ஓட்ட வேண்டும் என்று அதில் இல்லை.